காவலர் மீது புகார்: மனு கடைசியில் யார் மேசைக்குப் போகும்?

என் சித்தி மகன் டெம்போ ஓட்டுகிறான். வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் தோட்டமும் உண்டு. தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடத்தில் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அவனுக்கும் தகராறு. தடம் யாருடையது என்பதைச் சிவில் கோர்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. போனான். இரவு பத்தரை மணி வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தடத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்றதற்குக் கன்னத்தில் அறை, முதுகில் லத்தி. கையெழுத்தைப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் வாசலில் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்று சொன்னோம். "போலீஸ்கூட நமக்கு எதுக்குங்க வம்பு, விட்டுத் தள்ளுங்க" என்றார் பெரியப்பா. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதலாம் என்றார் மாமா. ஐகோர்ட் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு எதுவும் தெரியாத நேரம் அது. கோபத்தில் ஒரே மனுவை ஆறு நகல் எடுத்து ஆறு இடங்களுக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஸ்டேஷனில் இருந்து திரும்பவும் போன். "ஏப்பா, ஊரெல்லாம் மனுப் போட்டிருக்கியாமா? விசாரணை இருக்குது, அம்மாவையும் கூட்டிட்டு வா." ஆறு இடத்துக்குப் போன மனுவில் நான்கு, மேலிருந்து கீழே இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு 'விசாரித்து அறிக்கை தரவும்' என்ற குறிப்போடு வந்து சேர்ந்திருந்தன. அடித்தவரின் பக்கத்து நாற்காலிக்காரர் இவனிடம் வாக்குமூலம் வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியும் எங்கே கொண்டுபோய் விடும் என்று உட்கார்ந்து படித்தேன், வக்கீல்களிடம் கேட்டேன். வேறு யாரும் என்னைப்போல ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகள். உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்: வழக்குப் பதிவா, தண்டனையா, இழப்பீடா, தொந்தரவு நின்றால் போதுமா? அப்புறம், உங்கள் மனுவைக் கடைசியில் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கப் போவது யார்?

எந்த வழியில் போனாலும் முதல் இரண்டு மூன்று நாளில் செய்தாக வேண்டியவை உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார்கள், எங்கே, எப்போது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏ.ஆர். காப்பி என்பார்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று பயத்தில் சொல்லிவிட்டால் அந்த ஒரு வரியே பிறகு நமக்கு எதிராக நிற்கும். தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறு. நாங்களும் இரண்டாம் நாள்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

இன்னொன்று ஸ்டேஷன் கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் படமும் ஒலியும் பதிவாகும் கேமரா வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை எதையும் விடவில்லை. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு. அதனால் "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று ஒரு கடிதத்தை அந்த வாரமே எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். பதிவு பிறகு கிடைக்காவிட்டாலும், கேட்டது நம் கையில் இருக்கும். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மிரட்டி வாங்கிய கையெழுத்தும் அப்படித்தான். அது மிரட்டி வாங்கப்பட்டது என்று அன்றோ மறுநாளோ எழுத்தில் சொன்னால் எடை உண்டு. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்னதாக ஆகிவிடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் தெரிந்தது மேலதிகாரியிடம் போவது. எங்கள் கொங்குப் பக்கம் கோவை, திருப்பூர், சேலம் நகரங்களுக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். மற்ற இடங்களில் மாவட்ட எஸ்.பி. அதற்கு மேல் டி.ஐ.ஜி., கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி. கரூர்க்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: பேச்சும் பழக்கமும் கொங்குதான் என்றாலும் காவல்துறைக் கணக்கில் கரூர் மத்திய மண்டலம், திருச்சிப் பக்கம் போக வேண்டும்.

இந்த வழி எதற்கு நல்லது? ஸ்டேஷனில் புகாரை வாங்க மாட்டேன் என்கிறார்கள், வாங்கினாலும் வழக்குப் பதிவு செய்யாமல் இழுக்கிறார்கள் என்றால் இதுதான் முதல் படி. லலிதா குமாரி வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று தகவலில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 173ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதித் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் கோர்ட்டில் முதல் கேள்வியே "எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா" என்பதுதான். அதனால் வேறு எந்த வழியை எடுத்தாலும் எஸ்.பி.க்கு ஒரு மனு போய்த்தான் ஆக வேண்டும். நேரில் கொடுத்தால், புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். பதிவு எண்ணோ மனு ரசீதோ வாங்காமல் நகராதீர்கள். நேரில் கொடுத்தாலும் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள்.

ஆனால் அடித்ததற்கு, மிரட்டியதற்கு இந்த வழியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். எஸ்.பி. நல்லவராகவே இருக்கலாம். மனுவை விசாரிக்க அவர் அனுப்புவது டி.எஸ்.பி.க்கு, டி.எஸ்.பி. அனுப்புவது இன்ஸ்பெக்டருக்கு. நடவடிக்கை என்று வந்தால் பெரும்பாலும் ஆயுதப்படைக்கு மாற்றம். அது தண்டனை அல்ல, சில மாதத்தில் வேறு ஸ்டேஷனில் பார்க்கலாம். உண்மையான துறை நடவடிக்கை வேண்டும் என்றால் மனுவிலேயே "துறைரீதியான ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும், சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சாராத அதிகாரி விசாரிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். நான் அந்த இரண்டாவது வரியை எழுதாமல் விட்டதுதான் எல்லாம் கீழே இறங்கி வந்ததற்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமும், முதல்வரின் முகவரி உதவி எண் 1100ம் இதே வகைதான். வேகமாக மனு எண் கிடைக்கும், வேகமாகக் கீழே இறங்கும். ஸ்டேஷன் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை என்ற நிலையில் ஒரு அசைவு வேண்டும் என்றால் உதவும். அடித்தவரை விசாரிக்க உதவாது.

கலெக்டரிடம் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று எனக் காவல்துறை மீதான புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. மாவட்டத்தில் டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகார். தலைமை ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013இல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது நீதிபதி இருக்க வேண்டிய நாற்காலியில் மாவட்டத்தில் கலெக்டரையும் மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் வைத்தது. உறுப்பினராக எஸ்.பி.யே இருக்கிறார். போலீஸ் மீது புகாரை விசாரிக்கும் மேசையில் போலீஸ் உட்கார்ந்தால் அது தனி அமைப்பு ஆகாது என்பது என் கருத்து. இதை முதன்மை வழியாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் கலெக்டருக்கு மனு எழுதினால், சும்மா குறைதீர் மனுவாக இல்லாமல் 'மாவட்ட காவல் புகார் ஆணையத் தலைவர்' என்று முகவரி இட்டு எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை தெளிவாக இருக்கும்.

நாங்கள் கடைசியில் எடுத்த வழி மாநில மனித உரிமை ஆணையம். சென்னை பசுமைவழிச் சாலையில், இப்போது பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, இருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழில் எழுதலாம், தபாலில் அனுப்பலாம். ஈரோட்டில் இருந்தும் பொள்ளாச்சியில் இருந்தும் ஒவ்வொரு தடவையும் ராத்திரி ரயில் ஏற வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஆணைய உறுப்பினர்கள் கோவை, சேலம் போன்ற ஊர்களுக்கு வந்து முகாம் விசாரணை நடத்துவதும் உண்டு. மனுவிலேயே அதைக் கேட்டு எழுதலாம்.

இதன் பலம், யாரை எதிர்த்து மனு போட்டோமோ அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராக நிறுத்தி வரச் சொல்வது. சாட்சியை அழைக்க, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல ஆணையத்துக்குச் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. சொல்லப்போனால் கேமரா பதிவை ஆணையம் வரவழைக்கலாம் என்று அந்த 2020 தீர்ப்பே சொல்கிறது. மீறல் நடந்தது என்று முடிவுக்கு வந்தால் இழப்பீடு கொடுக்கச் சொல்லும். அரசு கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லும், துறை நடவடிக்கைக்கும் பரிந்துரைக்கும். "வெறும் பரிந்துரைதானே" என்று என்னிடம் பலர் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. 'வெறும் பரிந்துரை' என்பது பழைய நினைப்பில் சொல்வது.

பலவீனமும் உண்டு. ஜெயிலுக்கு அனுப்ப ஆணையத்தால் முடியாது. நேரம் பிடிக்கும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போயாக வேண்டும், தாண்டினால் எடுக்காது. தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒன்றாக அனுப்பினால் கூடுதல் பலம் என்று நினைப்பது தப்பு. மாநில ஆணையம் கையில் எடுத்துவிட்ட விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்காது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் விஷயத்தையும் ஆணையங்கள் பொதுவாகத் தொடுவதில்லை. அதனால் கோர்ட்டா ஆணையமா என்ற முடிவை ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி கோர்ட். குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டும் என்று உறுதியாக இருந்தால் வேறு வழி இல்லை. எஸ்.பி.க்கு அனுப்பியும் வழக்குப் பதிவாகவில்லை என்றால், அந்த எல்லைக்கு உட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில், கோபியோ பல்லடமோ தாராபுரமோ, சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம். விசாரிக்க உத்தரவிடும் அதிகாரம் பி.என்.எஸ்.எஸ். 175ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் புதிய சட்டத்தில் ஒரு வேலி சேர்ந்திருக்கிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் காரியம் என்றால், அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை வாங்கி, அவர் தரப்பையும் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிட முடியும். அதைத் தாண்டி வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்ற வாதம் வரும். நல்லது ஒன்றும் சேர்ந்திருக்கிறது: அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். சாதாரணக் காயம் போன்ற சிறிய குற்றங்களுக்குக் கோர்ட்டிலும் ஓராண்டுதான் கெடு, பெரிய குற்றங்களுக்குக் கெடு வேறு. ஆணையத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவை விட்டுவிடக் கூடாது. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை ஒரு கிரிமினல் வக்கீலிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர், வருமானம் குறைந்தவர் எல்லோருக்கும் இலவச வக்கீல். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் உண்டு என்பதைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

உயர் நீதிமன்றம் கடைசிப் படி. கரூர் என்றால் மதுரைக் கிளை, கொங்கின் மற்ற மாவட்டங்களுக்குச் சென்னை. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்ற ஒன்றுக்காக நேரே அங்கே போனால், முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆணையம், கோர்ட் என்ற இந்த இரண்டு வழிகளும் எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே இரண்டு வரலாறு இருக்கிறது. வீரப்பன் தேடுதலின்போது அதிரடிப்படை செய்த கொடுமைகள் பற்றிச் சத்தியமங்கலம், அந்தியூர், கொளத்தூர் மலைப்பகுதி மக்கள் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு முன் சாட்சி சொன்னார்கள். 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க ஆணையம் சொன்னது. இன்னொன்று தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மக்கள் கோர்ட்டை விடவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள், அதில் 84 பேர் போலீஸ்காரர்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எத்தனை நாள் கூலியை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

லஞ்சம் கேட்டால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு நேரே போங்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். ரசாயனம் தடவிய நோட்டோடு கையும் களவுமாகப் பிடிப்பது அவர்கள் வேலை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். பட்டியலின, பழங்குடி மக்கள் கொடுத்த வன்கொடுமைப் புகாரை அதிகாரி வேண்டுமென்றே புறக்கணித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் அந்தப் புறக்கணிப்பே தனிக் குற்றம். மனுவில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பெண் கொடுத்த பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுப்பதற்கும் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 199ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு.

புகார் கொடுத்த பிறகு பழிவாங்குவார்களே என்ற பயம் உண்மையான பயம். "அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றது அதற்குத்தான். சித்திக்கு அறுபத்து மூன்று வயது. பெண்களையோ அறுபது வயது தாண்டிய ஆண்களையோ சாட்சியாக விசாரிக்க அவர்கள் வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது, கூப்பிடுவதும் எழுத்து உத்தரவில்தான் என்று பி.என்.எஸ்.எஸ். 179ஆவது பிரிவு சொல்கிறது. இதை ஒரு தாளில் எழுதி அனுப்பினோம். பிறகு சித்தியைக் கூப்பிடவில்லை. மனு என்ன ஆனது என்பதற்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எஸ்.பி. அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டதும் பயன்பட்டது. விசாரித்தவர் எழுதிய அறிக்கையின் நகல் வந்தது. "இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டனர்" என்று அதில் இருந்தது. அந்தப் பொய்தான் ஆணையத்தில் எங்களுக்குப் பெரிய ஆதாரம்.

எங்களைக் கேட்டால், சித்தி மகனுக்குத் தண்டனையைவிட, "அடிச்சது தப்பு" என்று யாராவது அதிகாரத்தோடு சொல்ல வேண்டும் என்பதே பெரிதாக இருந்தது. அதனால் ஆணையம். தடத்துக்குச் சிவில் வழக்குத் தனியாக நடக்கிறது. உங்களுக்குக் காயம் பெரிது, உயிருக்கே ஆபத்தாகப் போயிருக்கும் என்றால் நான் கோர்ட்டைத்தான் சொல்வேன், எத்தனை வருடம் ஆனாலும்.

ஆணையத்தில் அடுத்த விசாரணை கோவையில். ஸ்டேஷனுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் அண்ணன், அன்றிரவு பத்து மணிக்கு உள்ளே டீ கொண்டுபோய்க் கொடுத்தவர், இவன் கன்னம் வீங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர். சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அரைநாள் வியாபாரம் போகுமே, அதற்கு என்ன கொடுக்கட்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாங்க. காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு வந்தர்றேன்" என்றார்.